ஒன்றும் நடக்காத நாளில் என்ன செய்வது? – வீட்டுப் பராமரிப்பு கேள்வி-பதில்

இந்த முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கணவரையோ மனைவியையோ வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் எழுதியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் நீளம். பலரும் வெளியே சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு தவிக்கிற விஷயம் அது.

என் கணவருக்கு நுரையீரல் புற்றுநோய். இனி சிகிச்சையால் பலன் இல்லை என்றதும் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். வாரம் ஒரு முறை தாதி வருகிறார். மற்ற நாள்களில் இவர் பெரும்பாலும் தூங்குகிறார். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். செய்ய வேண்டியது எதையோ விட்டுவிடுகிறேனோ என்று அடித்துக்கொள்கிறது, மிஸ்ஸி. – ஈசூன் வாசகி

அம்மா, வலியில்லாமல் அவர் தூங்குகிறார் என்றால் நீங்கள் கொடுக்கிற மருந்தும் கவனிப்பும் பலித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். நோய் முற்ற முற்ற உடம்பு தூக்கத்தை அதிகம் கேட்கும். "பேசினால் தெம்பு வரும்" என்று யாராவது சொன்னாலும் எழுப்பி உட்கார வைக்காதீர்கள்.

சும்மா உட்கார்ந்திருப்பதாக நீங்கள் நினைக்கிற நேரத்தில் உங்கள் கண் வேலை செய்கிறது. தூக்கத்தில் புருவம் சுருங்குகிறதா, மூச்சு விடும்போது முனகுகிறாரா, விரல்கள் போர்வையைப் பிசைந்துகொண்டே இருக்கின்றனவா? வாய் பேசாத நேரத்தில் வலி இப்படித்தான் தெரியும். வாரம் ஒரு முறை வரும் தாதியால் இதைப் பார்க்க முடியாது. பார்த்ததை நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், போதும்.

சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒருக்களித்துத் திருப்பிவிடுங்கள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். படுக்கைப்புண் சிவப்பாகத் தொடங்கும் என்பார்கள். நம் நிறத் தோலில் அந்தச் சிவப்பு பல நேரம் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும் இடத்தைத் தேடுங்கள். கண்டுபிடித்தால் அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் தாதிக்குச் சொல்லுங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிட வேண்டாம்.

ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருந்தால் இன்னொன்று. சாமி விளக்கும் சாம்பிராணியும் அந்த அறைக்குள் வரக் கூடாது. மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவாதீர்கள், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. நீர் சார்ந்த களிம்பைத் தாதியிடம் கேட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் போக மிச்சமிருக்கும் நேரம் உங்கள் இருவருக்கும் உரியது. அதில் நீங்கள் அவருக்கு மனைவியாக இருந்தால் போதும், தாதியாக இருக்க வேண்டாம். ஒலி 96.8 வானொலியைச் சத்தம் குறைத்து வையுங்கள். காப்பியை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து குடியுங்கள். பேரன் என்ன சேட்டை செய்தான், எதிர்வீட்டில் என்ன சமையல் என்று வழக்கம்போல் சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் காதில் விழக்கூடும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்க வேண்டாம். அது அவரைக் களைப்பாக்கும், உங்களையும் பயமுறுத்தும்.

திடீர் மூச்சுத்திணறல், புதிதாக வந்த பிதற்றல், காய்ச்சல், எழுப்பியும் எழாத தூக்கம் என்றால் உடனே உங்கள் பராமரிப்புக் குழுவின் 24 மணி நேர எண்ணைக் கூப்பிடுங்கள். இரவு இரண்டு மணியாக இருந்தாலும் தயங்காதீர்கள். அதற்காகத்தான் அந்த எண்.

இரண்டு கரண்டி கஞ்சிக்கு மேல் அவர் குடிப்பதில்லை. "நீ சரியாக ஊட்டவில்லை" என்கிறார் நாத்தனார். – தெம்பனிஸ்

நாத்தனார் சொல்வது பாசத்தில். ஆனால் அது சரியில்லை. இந்தக் கட்டத்தில் நோய்தான் பசியை அடக்குகிறது. வலிந்து ஊட்டினால் தெம்பு கூடாது. வாந்தியோ புரையேறலோதான் மிஞ்சும். அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கரண்டிகூட ஊட்டாதீர்கள். நன்றாக விழித்திருக்கும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, கேட்டதை, கேட்ட அளவு கொடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது சாய்ந்தபடி உட்காரட்டும். ரசம் ஒரு வாய் போதும் என்றால் அன்றைக்கு அதுதான் சாப்பாடு.

நாத்தனாருக்கு ஒரு வேலை கொடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒரு முறை பஞ்சுக் குச்சியை நீரில் நனைத்துப் பிழிந்து, அவர் உதடு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் துடைத்துவிடச் சொல்லுங்கள். தாகத்தைவிட வாய் வறட்சிதான் பெரும்பாலும் இவர்களைப் படுத்துகிறது.

மார்ஃபின் மருந்து கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கவே பயமாக இருக்கிறது. பழகிப்போய்விடாதா? – ஜூரோங் வெஸ்ட்

வலிக்காக, மருத்துவர் எழுதிய அளவில் கொடுத்தால் போதைப் பழக்கம் வருவது அரிது. உயிரையும் அது சீக்கிரம் எடுத்துவிடாது. வலி வந்தபின் கொடுக்கலாம் என்று காத்திருப்பதுதான் தப்பு. "நேரத்துக்கு" என்று எழுதியதை நேரத்துக்குக் கொடுங்கள். இடையில் வலி வந்தால் கொடுக்கத் தனி அளவு சொல்லியிருப்பார்கள். அதைக் கொடுத்த நேரத்தை நோட்டில் குறியுங்கள். தொடக்கத்தில் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கும், பெரும்பாலும் சில நாளில் குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. மார்ஃபின் இருக்கும்வரை பேதி மருந்தும் கூடவே வேண்டும். மூச்சு வாங்கும் நேரத்தில் சின்ன மின்விசிறியை முகத்துக்கு நேராக வைத்துப் பாருங்கள். நிஜமாகவே உதவும்.

எனக்கு 71 வயது. மனைவிக்கு பார்க்கின்சன். குளிக்க, உடுத்த, எழுந்து நடக்க எல்லாவற்றுக்கும் நான்தான். சேமிப்பு கரைகிறது. – தோ பாயோ வாசகர்

ஐயா, மனைவிக்கு எல்டர்ஷீல்டோ கேர்ஷீல்டு லைஃபோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் நீண்டகாலப் பராமரிப்புக்கான காப்புறுதித் திட்டங்கள். குளித்தல், உடுத்துதல், சாப்பிடுதல், கழிப்பறை, நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் என்று ஆறு செயல்கள். அவற்றில் மூன்றுக்கு எப்போதும் இன்னொருவர் உதவி வேண்டும் என்றால் இரண்டிலும் மாதப் பணம் கேட்கலாம். எல்டர்ஷீல்டு என்றால் 300 அல்லது 400 வெள்ளி, திட்டத்தைப் பொறுத்து 5 அல்லது 6 ஆண்டு. கேர்ஷீல்டு, இயலாமை நீடிக்கும்வரை. இன்னும் பலருக்குத் தெரியாதது மெடிசேவ் கேர். 30 வயதோ அதற்கு மேலோ ஆன, கடுமையாக இயலாதவருக்கு, அவருடைய மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தோ கணவன் அல்லது மனைவியின் மெடிசேவிலிருந்தோ மாதம் 200 வெள்ளி வரை ரொக்கமாக எடுக்கலாம். கணக்கில் உள்ள இருப்பைப் பொறுத்து தொகை மாறும். வீட்டுப் பராமரிப்பு மானியம் தனி, அது குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. இவற்றுக்கெல்லாம் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழையுங்கள்.

அப்புறம், அவர் மனம் தெளிவாக இருக்கும்போதே எல்பிஏ பத்திரத்தை முடித்துவிடுங்கள். தனக்குத் தெளிவு போனபின் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம் அது. கணவர் என்பதால் மட்டும் அவர் வங்கிக் கணக்கை நீங்கள் கையாள முடியாது. தெளிவு போனபின் நீதிமன்றம் வழியாகத்தான் போக வேண்டும், செலவும் அலைச்சலும் அதிகம்.

வீட்டிலேயே உயிர் பிரிந்தால் யாரைக் கூப்பிடுவது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. – செங்காங்

கூச்சப்பட ஒன்றுமில்லை. எதிர்பார்த்திருந்த மரணம் என்றால் அவசர மருத்துவ வண்டிக்கான 995 வேண்டாம். உங்கள் குழுவையோ, வீட்டுக்கு வந்து சான்றளிக்கும் மருத்துவரையோ கூப்பிடுங்கள். மருத்துவர் சான்றளித்ததுமே பதிவு தானாக நடந்துவிடும். 2022 மே 29 முதல் இதுதான் நடைமுறை. பதிவு செய்ய எங்கும் போக வேண்டாம். மின்னிலக்கச் சான்றிதழை மட்டும் 30 நாளுக்குள் மை லெகசி இணையத்தளத்தில் பதிவிறக்குங்கள். மருத்துவர் எண், நோயாளியின் அடையாள அட்டை, மருத்துவ அறிக்கைகள் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். மருத்துவர் வருவதற்குள் அவசரப்பட்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை. குடும்பம் கூடி உட்காரலாம், தேவாரமோ துஆவோ ஜெபமோ சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை பணிப்பெண்ணுக்கு விடுமுறை. நான் கோயிலுக்குக்கூடப் போக முடியவில்லை. அவளிடம் விடுமுறை வேண்டாம் என்று கேட்கலாமா? – உட்லண்ட்ஸ்

கேட்க வேண்டாம். மாதத்தில் ஒரு நாளாவது விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும், பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது என்பது 2023 முதல் சட்டம். அவளும் இரவில் கண் விழிக்கிறாள். ஓய்வுப் பராமரிப்புச் சேவை என்று இருக்கிறது. சில மணி நேரத்துக்கு ஆள் வீட்டுக்கு வருவார், அல்லது சில நாள் தாதிமை இல்லத்தில் வைத்துப் பார்ப்பார்கள். மேலே சொன்ன அதே எண்ணில் கேளுங்கள். ஞாயிறு பார்க்க வரும் உறவினர்களில் பொறுப்பானவர் ஒருவரை இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்லலாம். மருந்து நேரம், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள். போன இடத்திலிருந்து ஒரு முறை போன் செய்தால் போதும்.