பள்ளி முடித்த கையோடு மருத்துவப் படிப்பு: அமெரிக்காவில் பி.எஸ்./எம்.டி. இடம் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

டெக்சாஸில் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஆலோசகர் ஒருவர் 6,000 டாலர் கேட்கிறார், கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். என் மகள் இளநிலைப் பட்டத்தையும் மருத்துவப் பட்டத்தையும் சேர்த்துத் தரும் இந்தப் பி.எஸ்./எம்.டி. திட்டம் ஒன்றில் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஆலோசகர் யாருக்கும் ஒரு காசு கொடுக்கவில்லை. அந்த வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுடைய விண்ணப்பத்தைக் கெடுக்கப் பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பும் நீட்டும் முடிந்தால் நேராக எம்.பி.பி.எஸ்.தான். அமெரிக்காவில் முதலில் நான்காண்டு இளநிலைப் பட்டம் வாங்க வேண்டும், எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதன் பிறகுதான் மருத்துவக் கல்லூரியில் சேர முடியும். ஆண்டுதோறும் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பம் போடுகிறார்கள், சேர்வது ஏறத்தாழ 23,000 பேர். பி.எஸ்./எம்.டி. திட்டத்தில் இளநிலை இடத்தோடு அந்த மருத்துவக் கல்லூரி இடத்தையும் பதினேழு வயதிலேயே, நிபந்தனையோடு பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

எல்லாத் திட்டங்களும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. பிரவுன் பல்கலைக்கழகத்தின் பி.எல்.எம்.இ. என்ற திட்டம் எட்டாண்டு, எம்கேட் தேவையில்லை, இலக்கியமோ இசையோ எதை வேண்டுமானாலும் முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கலாம். மிசௌரி பல்கலைக்கழகத்தின் கேன்சஸ் சிட்டி வளாகத்தில் 1971இலிருந்து ஆறே ஆண்டில் முடிக்கிறார்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஹார்லெம் வளாகத்தில் ஏழாண்டு. மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதிகளில் பணியாற்றும் நோக்கமுள்ள பிள்ளைகளைத் தேடுகிறார்கள். ரோசெஸ்டரும் கேஸ் வெஸ்டர்னும் எட்டாண்டுக்காரர்கள். இணையத்தில் சுற்றும் பழைய பட்டியல்களை நம்பாதீர்கள். நார்த்வெஸ்டர்ன் 1961இல் தொடங்கி நடத்திவந்த திட்டம் இப்போது இல்லை. பல பட்டியல்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பெரும்பாலானவற்றில் இருப்பது சில பத்து இடங்கள்தான், சிலவற்றில் அதுவும் இல்லை. கணக்கு ஒலிம்பியாடில் பரிசு வாங்கிய பிள்ளைகளும் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதை மட்டும் நம்பி விண்ணப்பிக்கக் கூடாது. சாதாரண இளநிலைக் கல்லூரிகள் குறைந்தது ஏழெட்டு பட்டியலில் இருக்கட்டும்.

மதிப்பெண் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது விசா. பல திட்டங்கள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு பையன், என் மகளைவிட எல்லாவற்றிலும் ஒரு படி மேல். பெற்றோர் எச்-1பி என்ற வேலை விசாவில், அவன் அவர்களைச் சார்ந்தவனாக எச்-4 விசாவில். கிரீன் கார்டு வரிசையில் பன்னிரண்டு ஆண்டுகளாக நிற்கிறார்கள். பதினைந்து திட்டங்களைக் குறித்து வைத்திருந்தான். தகுதி விதியைப் படித்தபின் மூன்று மிஞ்சின. இருபத்தொரு வயதானால் எச்-4 முடிந்துவிடும், மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அப்போது மருத்துவக் கல்லூரிகளில் பாதிக்கு மேல் கதவைச் சாத்திவிடும், அரசுக் கல்விக் கடனும் கிடையாது. உங்கள் வீட்டு நிலை என்ன என்று நீங்கள் எழுதவில்லை. இன்றே உட்கார்ந்து அதைப் பாருங்கள்.

இனி, எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? மதிப்பெண்ணும் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வும் வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரே சந்தேகம்தான்: இந்தப் பதினேழு வயதுப் பிள்ளைக்கு மருத்துவர் வேலை என்றால் என்னவென்று தெரியுமா, இல்லை இது அப்பா அம்மாவின் ஆசையா? நம்மவர்களின் விண்ணப்பங்களில் அந்தச் சந்தேகம் அவர்களுக்குக் கூடுதலாக வருவதில் நியாயம் இருக்கிறது.

என் மகள் ஒன்பதாம் வகுப்புக் கோடையில் இருந்து சனிக்கிழமைதோறும் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றுக்குப் போய்வந்தாள். சாப்பாட்டுத் தட்டு எடுத்துக் கொடுப்பது, பேச்சுத் துணைக்கு உட்காருவது, அவ்வளவுதான். ஷேடோயிங் என்று மருத்துவர் பின்னால் போய்வந்தது மொத்தமே நான்கைந்து நாள். வயது குறைவு என்று பல மருத்துவமனைகள் அனுமதிக்கவே இல்லை. இல்லத்தில் பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். விழுங்குவதில் சிரமம் என்பதால் அவருக்குத் தண்ணீரில் மாவு போன்ற ஒரு பொடியைக் கலந்து கூழ் மாதிரி கெட்டியாக்கித்தான் கொடுப்பார்கள். சாதாரணத் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அவரோ இவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வாய் நல்ல தண்ணீர் கேட்பார். வீட்டுக்கு வந்து குழாயைத் திறக்கும்போதெல்லாம் இவளுக்கு அந்த முகம்தான்.

விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய கட்டுரையில் இதைத்தான் எழுதியிருந்தாள். நான் வாசித்துவிட்டு, தண்ணீரையும் கூழையும் பற்றி எழுதினால் யார் இடம் கொடுப்பார்கள் என்று சொல்லி, முழுவதையும் அழித்துவிட்டு, பாளையங்கோட்டையில் என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்த கதையை எழுதிக் கொடுத்தேன். அப்போது அவளுக்கு நான்கு வயது. நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பழைய கட்டுரையையே தூசி தட்டி அனுப்பிவிட்டு, அனுப்பிவிட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

பிப்ரவரியில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். பல இடங்களில் எம்.எம்.ஐ. என்ற முறை, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஒரே குழுவின் முன் உட்காராமல், அறை அறையாகப் போய் ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கலுக்குச் சில நிமிடங்களில் பதில் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்து போனால் இரண்டாவது அறையிலேயே வெளுத்துவிடும். ஓர் அறையில் இருந்தவர் கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பெரியவர் கெஞ்சியபோது நீ என்ன செய்தாய் என்று கேட்டாராம். தண்ணீர் கொடுக்கவில்லை, செவிலியரிடம் போய் வேறு வழி உண்டா என்று கேட்டேன், அவர் ஈரப் பஞ்சால் பெரியவரின் உதட்டை நனைத்துக் காட்டினார் என்றாள். மாரடைப்புக் கதையைக் கொண்டு போயிருந்தால் அந்த அறையில் அவள் என்ன பேசியிருப்பாள் என்று இன்றும் யோசிப்பேன்.

இடம் கிடைத்தது. கடிதத்தின் முதல் வரி வாழ்த்து, மீதி முழுவதும் நிபந்தனை. கல்லூரி மதிப்பெண் சராசரி (ஜி.பி.ஏ.) குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது, எம்கேட்டில் குறிப்பிட்ட மதிப்பெண் வாங்க வேண்டும், வேறு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் இந்த இடம் போய்விடும். இந்தக் கடைசி நிபந்தனை எல்லா இடத்திலும் இல்லை, ஆனால் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாண்டு கரிம வேதியியலில் சறுக்கித் திட்டத்தை விட்டு வெளியேறிய பிள்ளைகள் அவளுடைய குழுவிலேயே இருக்கிறார்கள்.

உங்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். டெக்சாஸ்காரர்களுக்கு இந்தத் திட்டத்தின் மீது இவ்வளவு மோகம் ஏன் என்று எனக்குப் புரிவதில்லை. உங்கள் மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவருக்குப் பத்து சதவீதம்தான். மிச்சம் எல்லாம் உங்கள் பிள்ளைகளுக்கு. கட்டணம் தனியார் கல்லூரிகளில் பாதிகூட வராது. 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்குக் மேற்படிப்புக்கான கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடனும் கிடையாது. மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு கட்டிவிட்டார்கள். எட்டாண்டும் தனியார் கல்லூரியில் போனால் அந்தத் தொகை எந்த மூலைக்கு? என் மகள் டெக்சாஸில் வளர்ந்திருந்தால் செலவு குறைந்த ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளநிலை முடித்துவிட்டு, சாதாரண வழியிலேயே விண்ணப்பிக்கச் சொல்லியிருப்பேன்.

மகளுக்கு ஆசை இருந்தால், இந்தக் கோடையிலேயே பக்கத்து முதியோர் இல்லத்தில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். அவளே போகட்டும், நீங்கள் காரில் இருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஆண்டில் ஆகஸ்ட் 1ஆம் தேதி காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத் தளம் திறக்கும். கட்டுரையை எழுதி முடித்து அவளே காட்டினால் எழுத்துப்பிழை மட்டும் பாருங்கள்.