கோரைப்பாயும் பரோட்டாவும்

அன்புள்ள ஐயா,

அக்காவை மச்சான் அடிக்கிறார். பையன் முன்னால் அல்ல, ராத்திரி அறையைச் சாத்திக்கொண்டுதான். அவனுக்கு ஏழு வயது. இப்போது மறுபடி படுக்கையை நனைக்கிறான். வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். மந்திரித்தும் பார்த்தாயிற்று. 'பிள்ளைக்காகப் பொறுத்துப் போ' என்றுதான் அக்காவிடம் சொல்லிவருகிறோம். அவனை ஹாஸ்டலில் சேர்த்தால் சரியாகுமா?

எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

மந்திரிப்பதை விடுங்கள். 'பையன் முன்னால் அல்ல' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது எங்கள் பழைய கோரைப்பாய் கிடைத்தது. ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது. பிய்த்தவன் நான்தான்.

கதவுக்கு இந்தப் பக்கம் நானும் தங்கச்சியும் படுத்திருப்போம். அப்பா குரல் ஏறினால் கோரையை ஒவ்வொன்றாக உருவுவேன். அவள் மூச்சை வைத்தே அவளும் தூங்கவில்லை என்று தெரியும். விடிந்ததும் அம்மா, "கதவு இடிச்சிருச்சுடா" என்பாள். சாயங்காலம் அப்பா பரோட்டா பொட்டலத்தோடு வருவார். சால்னா வாசனைக்கு முதலில் ஓடுவதும் நான்தான். அடி விழுந்தால் மறுநாள் பரோட்டா வரும் என்று எனக்குக் கணக்கு பிடிபட்டிருந்தது. தங்கச்சியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அமெரிக்காவில் சான் டியாகோவில் பல ஆயிரம் பேரிடம் விசாரித்து 1998இல் வெளியான ஆய்வு, அம்மா அடிபடுவதையே பிள்ளைக்கு நேர்ந்த கேடுகளில் ஒன்றாக எண்ணியது. அப்படிப்பட்ட கேடுகள் சேரச் சேர, வளர்ந்தபின் மனச்சோர்வும் குடியும் இதய நோயும் கூடுவதைக் கண்டது. கதவு சாத்தியிருந்ததா என்று யார் பார்த்தார்கள்?

கோபம் உங்கள் மேல்தான். காது குத்தும்போது அவனை மடியில் வைத்திருந்தது தாய்மாமன் நீங்கள்தானே? எங்கள் மாமாவும் வருவார். கையில் காராச்சேவு. திண்ணையில் அப்பாவோடு வெற்றிலை. புறப்படும்போது அம்மாவிடம், நீங்கள் சொல்லும் அதே வசனம். ஒருமுறை அவர் செருப்பை மாட்டுக்கொட்டகையில் ஒளித்து வைத்தேன், செருப்பில்லாமல் எப்படிப் போவார் என்று. வெறுங்காலோடு அஞ்சரை பஸ் ஏறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போங்கள். மச்சானோடு திண்ணையில் உட்காராதீர்கள், அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு அவளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். முடிவு அவளுடையது. குடும்ப வன்முறைக்கு எதிரான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவில், பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விட மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். பெண்களுக்கான உதவி எண் 181ஐ அவள் கையில் கொடுங்கள், மச்சான் கண்ணில் படாமல். பையனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். படுக்கைக்காக யாரும் அவனை வையக் கூடாது.

ஹாஸ்டல் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா? அடிக்கிறவர் வீட்டில் இருக்க, அவன் எதற்குப் பெட்டி கட்ட வேண்டும்?