வெளிநாடு போனவர்களுக்கு ஏன் மனநோய் வருகிறது? ஊரில் நன்றாகத்தானே இருந்தார்கள்?

தெரிந்தவர் ஒருவர் வெளிநாட்டு வேலையில் இருந்து மனநிலை சரியில்லாமல் திரும்பியிருக்கிறார், இது அங்கே போனதால் வந்ததா, முன்பே உள்ளுக்குள் இருந்ததா, குடும்பம் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. பல வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்தவன். என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த ஒருவருக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா; இல்லாத சத்தம் கேட்பது, இல்லாததை உண்மை என்று நம்புவது போன்றவை வரும் நோய்) வந்தபோது கூட இருந்தவன். அதில் பார்த்ததையும், அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

"முன்பே இருந்திருக்கும், மறைத்துவிட்டார்கள்" என்பதுதான் இப்படி ஒருவர் திரும்பியதும் எல்லோர் வாயிலும் வருகிற முதல் பேச்சு. இந்தச் சந்தேகம் ரொம்பப் பழையது. ஆர்ன்யூல்வ் ஓடெகார்ட் என்ற நார்வே மனநல மருத்துவர் 1932இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறிய நார்வேக்காரர்கள் மனச்சிதைவு நோயால் மருத்துவமனையில் சேர்வது, நார்வேயிலேயே தங்கிவிட்டவர்களைவிடவும் அதிகம், மினசோட்டாவிலேயே பிறந்தவர்களைவிடவும் அதிகம் என்று அதில் தெரிந்தது. நோய்க்கான கூறு உள்ளவர்கள்தான் ஊரில் ஒட்ட முடியாமல் கிளம்புகிறார்கள் என்பது அவர் கொடுத்த விளக்கம்.

அந்த விளக்கம் நீண்ட காலம் நின்றது. நெதர்லாந்தில் செல்ட்டன் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 2002இல் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். சுரினாம் நாட்டிலிருந்து மக்கள்தொகையில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். ஊரில் தங்கிவிட்டவர்களையும் சேர்த்து, மொத்த சுரினாமும் கிளம்பி வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். நோய்க்கூறு உள்ளவர்கள் மட்டும்தான் கிளம்பினார்கள் என்றால், இந்தக் கணக்கில் விகிதம் இறங்கிச் சமமாகியிருக்க வேண்டும். அப்படிப் போட்டும் நோய் விகிதம் நெதர்லாந்துக்காரர்களைவிடக் கூடுதலாகவே வந்தது. 2005இல் அவரும் கேன்ட்டர்-கிராய் என்ற ஆய்வாளரும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். குடியேறியவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் 2.7 மடங்கு, அவர்களுடைய பிள்ளைகளுக்கு 4.5 மடங்கு என்று வந்தது. பிள்ளைகள் கணக்கை நான் முக்கியமாக நினைக்கிறேன். அவர்கள் யாரும் பெட்டி கட்டிக் கிளம்பியவர்கள் இல்லை. ஆகவே "கிளம்பினவனிடமே ஏதோ கோளாறு" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். மனச்சிதைவு நூறு பேரில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். மூன்று மடங்கு கூடினாலும், போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே இருப்பார்கள். மனச்சோர்வும் பதற்றமும்தான் பரவலாக வருபவை.

என்னை யோசிக்க வைத்தது தெற்கு லண்டனில் நடந்த இன்னொரு ஆய்வு. 2001இல் வெளியானது. சிறுபான்மையினர் அதிகமாக வாழும் பகுதிகளில் அவர்களுக்கு இந்த நோய் குறைவாகவும், அவர்கள் அங்கங்கே ஒருவர் இருவராகச் சிதறிக் கிடக்கும் பகுதிகளில் அதிகமாகவும் இருந்தது. சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதில் இவ்வளவு அடங்கியிருக்கிறது. நான் நேரில் கண்டதும் இதைத்தான். மனநோயை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் நோயாளி அல்ல, அவரை நெடுநாளாகத் தெரிந்தவர். வெளிநாட்டில் அந்த ஆள்தான் இல்லை.

எங்கள் வீட்டில் இருந்தவரைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் எல்லோரும் வேறு வேறு ஊர், வேலைக்காக ஒரே வீட்டில் சேர்ந்தவர்கள். அவர் அதிகம் பேச மாட்டார், அறைக்குள்ளேயே இருப்பார். "அமைதியான ஆள்" என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம், ஏனென்றால் எங்களுக்குத் தெரிந்த அவர் அப்படித்தான் இருந்தார். வேறு நேர மண்டலத்தில் இருந்த ஒரு குழுவோடு அவருக்கு வேலை. ராத்திரி முழுக்க விழித்திருப்பார். பிறகு பகலிலும் தூங்குவது நின்றுபோனது. ஒருநாள் அவர் அறைக் கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவியைத் துண்டால் சுற்றி ஷூ லேஸால் கட்டி வைத்திருந்தார். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்றார். அது சத்தமே போடவில்லை.

அந்த வாரம் அவருடைய அக்கா எனக்குப் போன் செய்தார். "தம்பி, அவன் பேசுறது சரியில்லப்பா. எதைக் கேட்டாலும் சரி, சரின்னு மட்டும் சொல்றான். அவன் வீட்ல இருந்தா வாயே மூட மாட்டான். என் பையனைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல." எங்களுக்கு "அமைதியான ஆள்", அக்காவுக்கு "வாயே மூடாத தம்பி". இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று புரிந்தது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, ஃபோனில் சில நிமிடம் மட்டும் கேட்ட குரலில் அந்த அக்கா கண்டுபிடித்தார்.

அதனால் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: "எப்படி இருக்க?", "நல்லா இருக்கேன்" என்பதோடு விட்டுவிடாதீர்கள். தூக்கம் எப்படி, வேலை முடிந்து யாரோடு பேசுகிறார் என்று கேளுங்கள். வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை அவர் கேட்காமல் விட்டால் கவனியுங்கள். கூடத் தங்கியிருப்பவர் ஒருவருடைய எண்ணாவது உங்களிடம் இருக்கட்டும். கடனும் எதிர்பார்ப்பும் தலையில் இருப்பவர் தானாக வாய் திறந்து "முடியவில்லை" என்று சொல்வது மிக அரிது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல், கூட இருப்பவரை எழுப்பி, அந்த நாட்டு அவசர எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

தனிமையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், உடம்பைப் பற்றிப் பேசுவதில்லை. இருமுனைய நோய் (மனம் சில காலம் அளவுமீறி எழுவதும், சில காலம் சோர்ந்து விழுவதுமாக மாறும் நோய்) உள்ளவருக்குத் தூக்கம் கெடுவதே அடுத்த சுற்றைக் கிளப்பிவிடும். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட மனநோயாளிகளை வைத்து 1982இல் ஓர் ஆய்வு வந்தது. மேற்கு நோக்கிப் பறந்தவர்களிடம் மனச்சோர்வும், கிழக்கு நோக்கிப் பறந்தவர்களிடம் எழுச்சி நிலையும் கூடுதலாகத் தென்பட்டன. இருமுனைய நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மருந்தைச் சாப்பிடுபவர் கடும் வெயில் நாட்டுக்குப் போய் உடம்பில் நீர் வற்றினால், இரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகிவிடலாம். குளிர்கால இருட்டும் சிலரைப் படுக்கையில் தள்ளும். குளிர்கால மனச்சோர்வை 1984இல் விவரித்த நார்மன் ரோசென்தால், தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தவர். குளிர்காலத்தில் தான் சோர்ந்து போவதைக் கவனித்தவர். மலேரியா தடுப்புக்குக் கொடுக்கும் மெஃப்ளோகுயின் மாத்திரையால் பதற்றம், பிரமை எல்லாம் வரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2013இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. மருத்துவர் "புதிதாக என்ன மாத்திரை சாப்பிட்டார்?" என்று கேட்டால், மலேரியா மாத்திரையைச் சொல்ல யாருக்கும் தோன்றாது. சொல்லுங்கள்.

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர் போகக்கூடாதா என்றும் பலர் கேட்கிறார்கள். போகலாம். ஆனால் மருந்து விஷயத்தை விமானச் சீட்டுக்கு முன்னால் பாருங்கள். கவனக்குறைவு நோய்க்குக் (ADHD) கொடுக்கும் ஆம்ஃபெட்டமின் மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே கூடாது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். மருந்தின் வேதிப்பெயரோடு மருத்துவர் எழுதிய கடிதம் கையில் இருக்க வேண்டும். கொண்டுபோனது தீர்ந்தபின் வாங்க வழியில்லாமல் நிறுத்தியதால் நோய் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

எங்கள் நண்பரை மனநல மருத்துவரிடம் கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டார். "தூக்கம் வரலைல்ல, அதுக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம், வாங்க" என்றேன். அதற்குச் சம்மதித்தார், ஏனென்றால் தூக்கமில்லாத வேதனை அவருக்கே தெரிந்தது. அங்கே அவர் பாதிப் பேச்சை அந்த நாட்டு மொழியில் சொல்ல முடியாமல் திணறினார். நியூயார்க்கில் 1973இல் வந்த ஓர் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. ஸ்பானிய மொழி பேசும் மனச்சிதைவு நோயாளிகளைத் தாய்மொழியில் பேட்டி எடுத்தபோது இருந்ததைவிட, ஆங்கிலத்தில் எடுத்தபோது அதே ஆட்களின் நோய் கடுமையாகத் தெரிந்தது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், வெட்கமே வேண்டாம். பேச்சு சிகிச்சைக்கு இணையம் வழியாகத் தாய்மொழி பேசும் ஆலோசகர் கிடைப்பார். மருந்துக்கு மட்டும் அந்த ஊர் மருத்துவர் வேண்டும்.

அவர் வேலை பார்த்த இடத்தில் மறுநாளே விமானம் ஏற்றி அனுப்பிவிடலாம் என்றார்கள். எனக்கு அது இன்றும் கோபம் வரும் விஷயம். நோய் உச்சத்தில் இருப்பவரை விமான நிறுவனங்கள் மருத்துவச் சான்று இல்லாமல் ஏற்றத் தயங்கும், நடுவானில் ஏதாவது ஆனால் யாராலும் உதவ முடியாது. மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை. நோய் அடங்கிய பிறகு, துணைக்கு ஆளோடு ஊருக்குப் போனார்.

தூதரகம் பற்றி ஒரு விஷயம். 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு ஒப்பந்தப்படி, ஒருவர் எந்த விதத்தில் தடுத்து வைக்கப்பட்டாலும், அவர் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்லியாக வேண்டும். கட்டாயமாக மருத்துவமனையில் வைக்கப்பட்டவரின் குடும்பம், இதைச் சொல்லி உடனே தூதரகத்தை அணுகலாம். குடும்பத்தைத் தொடர்புகொள்வது, மருத்துவமனையோடு பேசுவது போன்றவற்றைச் செய்வார்கள். மருத்துவச் செலவை அவர்கள் கட்டுவார்கள் என்று மட்டும் எண்ணி இருந்துவிடாதீர்கள்.

இனி திரும்பி வந்திருக்கும் உங்கள் ஆளுக்கு வருகிறேன். ஊருக்கு வந்துவிட்டார், இனி சரியாகிவிடும் என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். விட்டுப்போன ஊர் அப்படியே இருக்காது, அவருக்கு இங்கேயும் கொஞ்ச நாள் அந்நியமாகத்தான் இருக்கும். "எப்போ மறுபடி போற?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், அவர் காதில் விழாமல் நீங்கள் பதில் சொல்லி அனுப்புங்கள். என் நண்பர் தேறி வேலைக்குப் போனார், சிகிச்சையும் தொடர்கிறது.

முதல் வேலையாக, அங்கே கொடுத்த மருத்துவமனைச் சுருக்கத்தையும் மருந்துச்சீட்டையும் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் அவர் கையாலேயே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் நோயாளியே கேட்டால்தான் தருவார்கள். ஊசி போட்டார்களா, எந்தத் தேதியில் என்று முக்கியமாகப் பாருங்கள். சில ஊசிகள் வாரக்கணக்கில், சில மாதக்கணக்கில் உடம்பில் வேலை செய்யும். அது தெரியாமல் இங்கே மாத்திரையையும் சேர்த்துவிட்டால் அளவு கூடிவிடும்.