கேள்வி – பதில்: பாட்டிலுக்குள் வளர்வது எது?

எம்.எஸ்ஸி. பயோடெக் படிக்கிறேன். தாவர, விலங்கு செல் வளர்ப்பு பற்றிய ஒரு கருத்தரங்கில் என் போஸ்டர் (ஆய்வை விளக்கி மாட்டும் தாள்) தேர்வாகியிருக்கிறது. நான் செய்வது வாழைத் திசு வளர்ப்பு. எலி செல், குரங்கு செல் என்று பேசுகிற கூட்டத்தில் எனக்கு என்ன வேலை? – கல்லூரி மாணவி, திருச்சி

கட்டாயம் போங்கள். இரண்டும் வேறு வேறு பிழைப்பு என்பது உண்மைதான். உங்கள் வாழைக் குருத்துக்கு 25 டிகிரி சூடு, லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, கொஞ்சம் உப்பு, ஹார்மோன் இருந்தால் போதும், ஒரு துண்டிலிருந்து முழுச் செடியே வந்துவிடும். விலங்கு செல்லுக்கு 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, பெரும்பாலும் கன்றுக்குட்டிக் கருவின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் என்று எல்லாம் வேண்டும். செல் சுவர் இல்லாததால் வேகமாகக் கலக்கினாலே உடைந்துவிடும். ஆனால் எதிரி ஒன்றே. ஒரு பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும், விலங்கு செல் இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். உள்ளே ஒன்றே ஒன்று நுழைந்தாலும் பந்தயம் முடிந்தது. நானும் சில வருடம் வாழை லேபில் இருந்தவன். முதல் நாள் தெளிவாக இருந்த பாட்டிலில், மூன்றாம் நாள் காலை குருத்தின் அடியில் பாலாடை மாதிரி ஒரு வளையம் தெரியும், அந்த ரேக்கையே தூக்கிக் கொட்ட வேண்டியதுதான்.

இந்தக் கூட்டங்கள் எதற்கு என்று புரிய 1966-க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்ற ஊரில் செல், திசு வளர்ப்பு பற்றிய மாநாடு. மரபியல் அறிஞர் ஸ்டான்லி கார்ட்லர் எழுந்து, தான் சோதித்த 18 மனித செல் வகைகளும் ஹீலா போலவே இருக்கின்றன என்றார். ஹீலா என்பது 1951-இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல். 18-லும் கார்ட்லர் கண்ட ஒரு நொதியின் வகை ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம்தான் பெரும்பாலும் இருக்கும், ஆனால் வெள்ளையரிடமிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட செல்களிலும் அதுவே இருந்தது. கல்லீரல், குடல் என்று லேபிள் ஒட்டி வருடக்கணக்கில் ஆராய்ச்சி செய்தவர்கள் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். திரவம் எடுக்கும் பிப்பெட் குழாயில் ஒட்டிய ஹீலா துளி ஒன்று போதும், வேகமாக வளரும் அந்தச் செல் மற்றதை ஓரங்கட்டி பாட்டிலையே பிடித்துக்கொள்ளும். இதை எல்லோர் முன்னாலும் சொல்ல ஒரு மேடை இருந்ததே, அதற்காகத்தான் கருத்தரங்கு. அதனால் உங்கள் போஸ்டரில் வெற்றிக் கணக்கை மட்டும் போடாதீர்கள், எத்தனை பாட்டில் கெட்டது, எதனால் கெட்டது என்றும் எழுதுங்கள். எலி செல்காரர் நின்று பேசப்போவது அந்த வரிக்குத்தான். அப்புறம், கட்டணம் கட்டும் முன் நடத்துவது யார், எந்தச் சங்கம், குழுவில் யார் என்று உங்கள் பேராசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பணத்துக்காகவே நடத்துகிற கூட்டங்களும் இருக்கின்றன.

ஜி9 ரகத் திசு வாழை போட்டிருக்கிறேன். இது மரபணு மாற்றிய வாழையா? போன தடவை சில மரங்கள் குட்டையாக, இலை ஒரு தினுசாக வந்தன. – விவசாயி, தேனி

இல்லை ஐயா, மரபணுவில் யாரும் கை வைப்பதில்லை. நல்ல தாய் மரத்தின் பக்கக் கன்றிலிருந்து குருத்து நுனியை வெட்டி, சுத்தம் செய்து, பாட்டிலில் பெருக்குகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரே குருத்தைத் திரும்பத் திரும்பப் பிரித்து வளர்த்தால் சில கன்றுகள் தானாகவே மாறிப்போகும். எட்டுப் பத்துச் சுற்றோடு நிறுத்திவிட்டுப் புதுக் குருத்து எடுப்பதுதான் முறை, அவசரத்தில் தாண்டினால் நீங்கள் பார்த்த மாதிரி மரங்கள் வரும். இன்னொன்றும் இருக்கிறது, இலைகள் குட்டையாக, உச்சியில் நெருங்கிக் கொத்தாக நின்றால் அது முடிக்கொத்து நோயாகவும் இருக்கலாம், வைரஸ், அந்த மரத்தைக் கிழங்கோடு அழித்துவிடுங்கள். தாய் மரத்தில் வைரஸ் இருந்தால் பாட்டில் அதைக் குணமாக்காது, ஆயிரம் கன்றாகப் பரப்பிவிடும். திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்று தர மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் ஒரு திட்டம் தொடங்கியது. வாங்கும்போது அந்தச் சான்றைக் கேளுங்கள். விலையில் ஒன்றிரண்டு ரூபாய் குறைகிறது என்று சான்றில்லாத கன்றை எடுக்காதீர்கள்.

அந்தக் காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். இப்போது கையில் நான்கைந்தோடு முடிகிறதே? – வாசகர், மதுரை

அதுவும் செல் வளர்ப்பு தந்த வரம்தான். அந்தப் பழைய மருந்தை ஆட்டு மூளையில் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) வைரஸை வளர்த்துத் தயாரித்தார்கள், மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்குப் பக்கவாதம்கூட வந்தது. 1962-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வீரோ என்ற செல் உருவானது. அந்தச் செல்லில் வைரஸை வளர்த்துச் செயலிழக்க வைத்தால் சுத்தமான தடுப்பூசி கிடைக்கிறது, நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் அப்படித் தயாரித்திருக்கிறது. ஆனால் ஊசிக்கு ஓடும் முன், கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம்.