அக்கியும் அல்ல, ஒட்டுவாரொட்டியும் அல்ல

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் வசிக்கிறோம். ஒரு சனிக்கிழமை சாந்தா குரூஸ் மலைப் பக்கம் நடக்கப் போனபோது எங்கள் நாய் பிடியை உருவிக்கொண்டு புதருக்குள் ஓடிவிட்டது. இலையெல்லாம் சிவந்து, பார்க்க அழகான புதர். என் கணவர் (வயது 41, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்) உள்ளே புகுந்து நாயைத் தூக்கிவந்தார். திங்கட்கிழமை காலை அவருடைய முன்கைகளிலும் கழுத்திலும் கோடு கோடாகச் சிவந்து, மாலைக்குள் கொப்புளங்கள் வந்துவிட்டன. ‘பாய்சன் ஓக்’ செடி பட்டிருக்கிறது என்றார்கள். புதன்கிழமை அர்ஜென்ட் கேரில் (முன்பதிவில்லாமல் போகும் அவசர மருத்துவ நிலையம்) 6 நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். நன்றாகக் குறைந்தது. மாத்திரை முடிந்த இரண்டாம் நாளே முன்பைவிட மோசமாகத் திரும்பி, இப்போது வயிற்றிலும் பரவியிருக்கிறது. பாதையை விட்டு இறங்கவே இறங்காத எங்கள் 5 வயது மகளுக்கும் பத்தாம் நாள் கன்னத்தில் அதே தடிப்பு. ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை, “இது அக்கி, காவி பூசினால் இறங்கிவிடும்” என்கிறார். பேத்தியை அப்பாவின் அருகில் போகவிடுவதில்லை. இது தொற்றுமா? மாத்திரை ஏன் கைவிட்டது? இனி என்ன செய்வது? என் கணவர் கேட்கச் சொன்ன இன்னொன்று: இனி மாம்பழம் சாப்பிடலாமா?

— பெயர் வேண்டாம், சான் ஹோசே

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்றே இரண்டு வரிகளில் மின்னஞ்சல் அனுப்பினேன்: “இன்றே மருத்துவரைப் பாருங்கள், நாயைக் குளிப்பாட்டுங்கள்.” இரண்டாவது வரி உங்களைக் குழப்பியிருக்கும். அதை விளக்குவதற்காகத்தான் இந்த நீண்ட பதில்.

முதலில் குழந்தையை அப்பாவின் மடியில் உட்காரவிடுங்கள். இது தொற்றாது. கொப்புளத்திலிருந்து வடிவது அவருடைய உடம்பின் சொந்த நீர். அது யார்மேல் பட்டாலும், அவருடைய தோலிலேயே வேறு இடத்தில் பட்டாலும் எதுவும் செய்யாது. பரவுவது நோயல்ல, எண்ணெய். தடிப்பைப் பார்த்துப் பயப்படுகிற நாம் எண்ணெயைத் தேட மறந்துவிடுகிறோம். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பாய்சன் ஓக்கின் பாலில் உருஷியால் என்ற பிசுபிசுப்பான எண்ணெய் இருக்கிறது. இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் உண்டு. குளிர்காலத்தில் இலையுதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும்போதும் உண்டு. ஜப்பானியர் மரப் பாத்திரங்களுக்குப் பூசும் ‘உருஷி’ அரக்கின் பெயரிலிருந்து வந்த சொல் அது. நமக்கு அந்நியமான சங்கதி என்று நினைக்க வேண்டாம். சேங்கொட்டையைத் தெரியுமா? சலவைத் துணியில் அழியாத கறுப்புக் குறி போட வண்ணார்கள் பயன்படுத்திய கொட்டை. அதன் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்பது அத்தைக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். மா, முந்திரி, சேங்கொட்டை, பாய்சன் ஓக் எல்லாம் ஒரே குடும்பத்துப் பங்காளிகள். பாய்சன் ஓக்கின் பாலும் காற்றுப் பட்டதும் சேங்கொட்டைச் சாறு போலவே கறுக்கும். உங்கள் கணவரின் சட்டைக் கையில் இப்போது போய்ப் பாருங்கள், துவைத்தும் போகாத சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருக்கக்கூடும்.

இந்த எண்ணெய் தோலை நேரடியாகச் சுடுவதில்லை. தோலுக்குள் ஊறி அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. உடம்பின் காவற்படை அதை எதிரி என்று எண்ணித் தன் தோலையே தாக்குகிறது. படை திரள நேரம் பிடிப்பதால்தான் சனிக்கிழமை பட்டது திங்கட்கிழமை தெரிந்தது. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவருக்கு ஒன்றிரண்டு நாளில் வரும். முதன்முதலாகப் படுகிறவருக்கு ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரைகூட ஆகலாம். உங்கள் மகளின் பத்தாம் நாள் கணக்கு இங்கே சரியாகப் பொருந்துகிறது. அப்பாவின் கொப்புளத்திலிருந்து அவளுக்கு எதுவும் வரவில்லை. பிறகு எதிலிருந்து? கன்னத்தில் மட்டும் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வயதுக் குழந்தை கன்னத்தை எதில் வைத்துக் கொஞ்சும்? நாயின் முதுகில்.

நாய்களுக்குப் பெரும்பாலும் இந்தச் செடியால் ஒன்றும் ஆவதில்லை. ரோமம் தோலைக் காக்கிறது. ஆனால் எண்ணெயைச் சுமந்துவந்து சோபாவிலும் மடியிலும் தேய்த்துவிடும். கணவரின் வயிற்றில் புதிதாக வந்ததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். எண்ணெய் குறைவாகப் பட்ட இடமும் தடித்த தோலும் தாமதமாகவே சிவக்கும். அதைத்தான் ‘பரவுகிறது’ என்று நினைக்கிறோம். அல்லது அவர் அன்று போட்டிருந்த மேற்சட்டையை, இடுப்புப் பட்டையை, இன்னும் துவைக்காமலே பயன்படுத்துகிறார். இந்த எண்ணெய் ஆவியாகிப் போவதில்லை. துணியிலும் கருவியிலும் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் வீரியத்தோடு இருக்கும். கலிஃபோர்னியாவில் பணியாற்றிய காலத்தில் எனக்கே இது நடந்தது. மலையிலிருந்து இறங்கி, தலை முதல் கால் வரை தேய்த்துக் குளித்தேன், துணிகளைத் துவைத்தேன். மூன்று வாரம் கழித்து விரல் நுனிகளில் மட்டும் கொப்புளம். காலணியின் நாடா! நாடாவைக் கழுவ யாருக்குத் தோன்றும்?

ஆகவே நாயைக் குளிப்பாட்டுங்கள். தடித்த வினைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனைகளில் போடும் மெல்லிய லேடெக்ஸ் உறையை இந்த எண்ணெய் ஊடுருவிவிடும். கழுத்துப்பட்டி, பிடி, அன்றைய துணிகள், தொப்பி எல்லாவற்றையும் தனியாக வெந்நீரில் சலவைத்தூள் போட்டுத் துவையுங்கள். காலணி, கைப்பேசி, கார் ஸ்டீயரிங், நாய் உட்கார்ந்து வந்த இருக்கை ஆகியவற்றை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். துடைத்த துணியைத் தூக்கி எறியுங்கள்.

கணவரின் தோலில் இப்போது எண்ணெய் இராது, கழுவிக் கழுவிப் புண்ணாக்க வேண்டாம். அடுத்த முறைக்காகச் சொல்கிறேன்: பட்டதும் பத்து நிமிடத்துக்குள் கழுவினால் பெரும்பகுதி தப்பிக்கலாம், அரை மணி தாண்டினால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும், என்றாலும் கழுவுங்கள். இதற்கென்றே விற்கும் விலை உயர்ந்த திரவங்கள் உண்டு. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமே ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். சூட்சுமம் சோப்பில் இல்லை, தேய்ப்பதில் இருக்கிறது. காரில் பிசின் போன்ற கிரீஸ் பட்டால் எப்படித் துணி வைத்துத் தேய்ப்பீர்களோ, அப்படி ஒரு கரடான துணியால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். ஒரு முறை போதாது, இரண்டு மூன்று முறை.

இனி மாத்திரை. எனக்குக் கோபம் வரும் இடம் இது. நீங்கள் விவரித்தது 21 மாத்திரை கொண்ட ஓர் அட்டையாக இருக்க வேண்டும்: முதல் நாள் ஆறு, மறுநாள் ஐந்து என்று இறங்கி ஆறாம் நாள் ஒன்றோடு முடிவது. கொடுக்க எளிது, சாப்பிட எளிது. ஆனால் பாய்சன் ஓக் தடிப்பு இரண்டு மூன்று வாரம் நீடிக்கும் சமாசாரம். ஆறே நாளில், அதுவும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும் மருந்து தீயை அணைக்காது. மேலே சாம்பலைத்தான் போர்த்தும். மருந்து நின்றதும் உள்ளே கனன்றுகொண்டிருந்தது மறுபடி எரிகிறது. உங்கள் கணவருக்கு நடந்தது இதுவே. தோல் மருத்துவர்கள், உண்மையிலேயே கடுமையான தடிப்பு என்றால், பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைப் போதிய அளவில் தொடங்கி இரண்டு முதல் மூன்று வாரம் வரை படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். முகம், பிறப்புறுப்பு, உடம்பில் பெரும்பகுதி ஆகியவற்றில் வந்தால்தான் அது தேவை. சின்னத் தடிப்புக்கு வேண்டியதில்லை.

அவருக்குச் சர்க்கரை இருப்பதால், வாங்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை விறுவிறுவென ஏற்றும். காலையில் மாத்திரை சாப்பிட்டால் பிற்பகலிலும் மாலையிலும்தான் அதிகம் ஏறும். காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று இருந்துவிடக் கூடாது. மாத்திரையைக் காலை உணவுக்குப் பிறகு சாப்பிடச் சொல்லுங்கள், இரவில் சாப்பிட்டால் தூக்கம் போய்விடும். வீட்டில் மிஞ்சிய பழைய அட்டையிலிருந்து நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள்.

நமைச்சலுக்கு வருவோம். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை 15, 20 நிமிடம் போட்டு எடுங்கள், நாளில் பல முறை. நீர் வடியும் கட்டத்தில் இதைவிடச் சுகம் தருவது வேறில்லை. தூளாக அரைத்த ஓட்ஸைக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரலாம். பிறகு காலமைன் என்ற இளஞ்சிவப்புப் பூச்சு மருந்து. கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு இலேசான சிவப்புக்குச் சரி. கொப்புளம் பூத்த முன்கைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. குளோபெட்டசால் போன்ற வலுவான களிம்பை மருத்துவர் எழுதித் தந்தால் கை கால்களுக்கு மட்டும். கொப்புளம் எழும் முன் பூசினால்தான் முழுப் பலன். மகளின் கன்னத்துக்கு அதைத் தொடவே கூடாது. அவளுக்கு 1 சதவீதக் களிம்பே போதும், கண்ணருகே வேண்டாம். அதையும் குழந்தை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு பூசுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

டைஃபென்ஹைட்ரமைன் கலந்த நமைச்சல் களிம்பு, மரத்துப்போக வைக்கும் பென்சொகெய்ன், நியோமைசின் கலந்த கிருமிக் களிம்பு மூன்றையும் ஒதுக்குங்கள். வெந்த தோலில் பூசினால் அவற்றுக்கே தனியாக ஒவ்வாமை வரக்கூடும், பிறகு எது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. வாய்வழி ஒவ்வாமை மாத்திரைகளால் இந்த நமைச்சல் பெரிதாக அடங்காது. தூக்கம் வரவழைப்பவை இரவுக்கு மட்டும் உதவும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் அரிப்பு சற்று நேரம் மறக்கும் என்பது உண்மைதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அழற்சி கூடும். சர்க்கரை உள்ளவருக்குச் சூடு உறைக்காமல் தோல் வெந்துபோகவும் வாய்ப்புண்டு.

அத்தைக்கு: உங்கள் கண் தப்பவில்லை அம்மா. வரிசையாகக் கொப்புளம் என்றால் அக்கி நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போல வரும். முதலில் எரிச்சலும் வலியும், பிறகே கொப்புளம். இது இரண்டு கைகளிலும் வந்திருக்கிறது, வலியைவிட அரிப்பே அதிகம். அக்கி என்றாலும் அது கிருமியால் வருவது. தொடங்கிய மூன்று நாளுக்குள் மருந்து தொடங்குவது நல்லது, காவிக்காகக் காத்திருக்கக் கூடாது. காவி காயும்போது குளிர்ச்சி தருவது உண்மை. ஆனால் உடைந்த கொப்புளத்தில் மண் ஒட்டினால் சீழ் பிடிக்கலாம். உங்களுக்கு ஓர் ஆறுதல்: காலமைனின் இளஞ்சிவப்பு நிறம் அதில் சிறிது கலந்திருக்கும் இரும்பு ஆக்சைடால் வருவது. காவியின் நிறமும் அதனால்தான். காலமைனையே கடையில் விற்கும் சுத்தமான காவி என்று நினைத்து நீங்களே உங்கள் கையால் பூசிவிடுங்கள்.

காய்ச்சல், சீழ், மஞ்சள் பொருக்கு, சுற்றிலும் வலியோடு சூடு இவற்றில் ஒன்று வந்தாலும், கண் மூடிக்கொள்ளுமளவு வீங்கினாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினாலோ விழுங்க முடியாவிட்டாலோ உடனே அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். வீட்டுப் பின்புறத்தில் இந்தச் செடி இருந்தால் வெட்டி எரித்துவிடாதீர்கள். புகையோடு எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அடையாளம்: காம்புக்கு மூன்று இலை. முதல் பார்வையில் வில்வம் மாதிரிகூடத் தோன்றும், ஆனால் விளிம்பு வளைந்து வளைந்து, மினுமினுப்பாக இருக்கும்.

மாம்பழம்? ஒரே குடும்பம் என்பதால் உங்கள் கணவருக்கு மாந்தோலும் காம்புப் பாலும் உதட்டைச் சுற்றித் தடிப்பை வரவழைக்கலாம். சின்ன வயதில் மாம்பால் பட்டு வாய்ப்புண் வந்தது உண்டா என்று கேட்டுப்பாருங்கள். இந்தச் செடி அவர்மேல் பட்டது இதுவே முதல் முறை என்றால், உடம்பு இரண்டே நாளில் சீறியதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். சதைப்பகுதி பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. இந்தத் தடிப்பு முழுதும் ஆறிய பிறகு தாராளமாகச் சாப்பிடட்டும். தோலைக் கடித்துச் சப்புவதை விட்டுவிட வேண்டும், பழத்தைச் சீவித் தருவது நீங்களோ அத்தையோவாக இருக்க வேண்டும்.