ஏழு முறை ஆடி ஏழு முறையும் வென்றவர்கள்

கேள்வி: தென் அமெரிக்கக் கால்பந்து என்றாலே பெலேயின் சான்டோஸும் மரடோனா ஆடிய போகா ஜூனியர்ஸும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால், தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான கோப்பா லிபர்ட்டடோரஸை அதிக முறை வென்றது அர்ஜென்டினாவின் இன்டிபெண்டியென்டே கிளப் என்று படித்தேன். உண்மைதானா?

பதில்: உண்மைதான். ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்குக்கு நிகரான அந்தக் கோப்பையை 1964, 1965, 1972, 1973, 1974, 1975, 1984 ஆகிய ஏழு ஆண்டுகளில் இக்கிளப் வென்றிருக்கிறது. எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, அது ஆடிய இறுதிப் போட்டிகளே ஏழுதான் என்பது. போகா ஆறில் வென்று ஆறில் தோற்றிருக்கிறது. பியூனஸ் அயர்ஸில் ஒரு பெரிய கடையின் அணியில் ஆட வாய்ப்புக் கிடைக்காத இளம் ஊழியர்கள் தொடங்கிய கிளப்தான் இன்டிபெண்டியென்டே. அதன் அதிகாரபூர்வத் தொடக்க நாள் 1905 ஜனவரி 1. பிறகு தலைநகரின் தெற்கே ஒட்டியுள்ள தொழில் நகரமான அவெல்லநேடாவுக்குக் குடிபெயர்ந்து, பரம எதிரியான ரேசிங் கிளப்பின் மைதானத்திலிருந்து சில நூறு மீட்டர் தொலைவில், 1928இல் கான்கிரீட் மைதானம் கட்டிக்கொண்டது. 1964இல் நடப்புச் சாம்பியனான சான்டோஸை அரையிறுதியில் வீழ்த்தி (காயம்பட்ட பெலே அதில் ஆடவில்லை), இக்கோப்பையை வென்ற முதல் அர்ஜென்டினக் கிளப்பும் ஆனது.

கேள்வி: தொடர்ந்து நான்கு ஆண்டுகள் கோப்பையை வெல்வது எப்படிச் சாத்தியமாயிற்று?

பதில்: நடப்புச் சாம்பியன் நேரே அரையிறுதிச் சுற்றில் களமிறங்கலாம் என்ற அன்றைய விதி பெரிதும் கைகொடுத்தது, அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனாலும் 1973, 1974, 1975 இறுதிப் போட்டிகள் மூன்றுமே இரண்டு ஆட்டங்களில் முடிவு காணாமல், முறையே மான்டெவிடியோ, சான்டியாகோ, அசுன்சியோன் ஆகிய, இரு அணிகளுக்கும் சொந்தமல்லாத நகரங்களில் மூன்றாவது ஆட்டம் வரை நீண்டன என்பதை நினைத்தால், அவை எளிதாகக் கிடைத்த வெற்றிகள் அல்ல என்பது புரியும். 1973இல் ரோமில் இத்தாலியின் யுவென்டஸுக்கு எதிராக, சக வீரர் பெர்டோனியுடன் பந்தை மாற்றி மாற்றித் தந்தபடி முன்னேறி ரிகார்டோ போச்சினி அடித்த ஒரே கோல், ஐரோப்பிய, தென் அமெரிக்கக் கிளப்புகள் மோதும் கண்டங்களிடைக் கோப்பையைக் கிளப்புக்கு முதன்முறையாகப் பெற்றுத் தந்தது. 1984இல் டோக்கியோவில் அதே கோப்பைக்காக லிவர்பூலையும் 1-0 என வென்றார்கள்.

கேள்வி: மறக்க முடியாத ஓர் ஆட்டம்?

பதில்: 1978 ஜனவரி 25 அன்று கோர்டோபாவில் அவ்வூர்க் கிளப்பான தாயெரெஸுக்கு எதிராக நடந்த அர்ஜென்டினத் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம். முதல் ஆட்டம் 1-1 எனச் சமனாகியிருந்தது. இங்கும் 1-1 என இருந்தபோது, தாயெரெஸ் வீரர் கையால் தள்ளிய பந்தை நடுவர் கோலென அறிவித்தார். எதிர்த்து வாதிட்ட மூன்று இன்டிபெண்டியென்டே வீரர்கள் வெளியேற்றப்பட்டனர். மற்றவர்களும் களத்தை விட்டுப் போகவிருந்த வேளையில், பயிற்சியாளர் ஹோசே ஒமார் பாஸ்டோரிசா அவர்களைத் திரும்ப ஆட அனுப்பினார். மிஞ்சிய எட்டுப் பேர் பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக் கொடுத்தபடி கொண்டுபோக, போச்சினி அதை வலைக்குள் செலுத்தினார். ஆட்டம் 2-2, எதிரணி மைதானத்தில் அடித்த கோல்களின் அடிப்படையில் பட்டம் இன்டிபெண்டியென்டேக்கு. இவ்வளவு மன உறுதியை வேறெந்த இறுதி ஆட்டத்திலும் நான் கண்டதில்லை. 1972 முதல் 1991 வரை வேறு கிளப்புக்கே போகாத போச்சினியின் பெயரைத்தான் இன்று அந்த மைதானம் தாங்கியிருக்கிறது.

கேள்வி: இன்றைய நிலை என்ன?

பதில்: 2003இல் பதினைந்து வயது செர்ஜியோ அகுவேரோவை அறிமுகப்படுத்திய இக்கிளப், 2013இல் முதன்முறையாக இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, மறு ஆண்டே மீண்டது. 2017இல் இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தை வென்றிருந்த நிலையில், ரியோவின் மரக்கானா மைதானத்தில் பிரேசிலின் பிளமெங்கோவுடன் 1-1 எனச் சமன் செய்து, தென் அமெரிக்கக் கிளப்புகளின் இரண்டாம் நிலைக் கோப்பையான கோப்பா சுடமெரிக்கானாவைக் கைப்பற்றியது.