முகவரி மாற்றக் கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லைத்தானே?

கேள்வி: அப்பாவின் பெயரில் கிளிநொச்சிப் பக்கம் ஓர் அனுமதிப்பத்திரக் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) இருக்கிறது. என்னைத்தான் பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பிறகு காணிக்கு உரியவராக, எழுதியிருந்தார். அம்மா முன்பே காலமாகிவிட்டார். அப்பா இந்த வருடம் பெப்ரவரி 10 இல் தவறினார். நாங்கள் கொக்குவிலில் இருக்கிறோம். பிரதேச செயலகம் விசாரணைக் கடிதத்தைக் காணியின் பழைய முகவரிக்கே அனுப்பியிருக்கிறது. காணியைச் செய்கிற பெரியப்பாவின் மகன் கையெழுத்து வைத்து வாங்கி, எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார். அலுவலகத்தில் நான் கொடுத்த தொலைபேசி இலக்கமும் எப்படியோ அவர் கைக்குப் போய், இரவிலும் எடுத்துக் கரைச்சல் தருகிறார். இலக்கத்தைக் கொடுத்த உத்தியோகத்தர் மீது வழக்குப் போடலாமா? தரவுப் பாதுகாப்புச் சட்டம் உதவுமா? முகவரி மாற்றக் கடிதம் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், பிரதி இணைத்துள்ளேன். (ஜூன் மாதக் கடிதம், சுருக்கப்பட்டது)

பதில்: பெரியப்பா குடும்பம் முன்பு செய்தது, செயலகத்தில் உங்களைக் காக்க வைத்தது எல்லாம் வாசித்தேன். அவை எதுவும் கோவைக்குள் (அலுவலகக் கோப்புக்குள்) போகாது. சட்டத்தில் நிற்பது ஒரே ஒரு திகதி: ஓகஸ்ட் 10. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி, துணை உயிரோடு இல்லாதபோது, நியமிக்கப்பட்ட பின்னுரித்தாளர் அனுமதிப்பத்திரக்காரர் இறந்து ஆறு மாதத்துக்குள் காணியின் ஆட்சியை ஏற்கவேண்டும், அதாவது காணியைத் தன் கையில் எடுக்கவேண்டும். தவறினால் பின்னுரித்து கைநழுவிப் போகும். உத்தியோகத்தர் மீதான வழக்கு அந்தத் திகதிக்குள் முடியுமா என்று நீங்களே யோசியுங்கள்.

இனி உங்கள் கடிதப் பிரதி. அதில் மூன்றாவது வரி: "2009க்குப் பிறகு நான் நிரந்தரமாகக் கொக்குவிலிலேயே வசிப்பதாலும் மேற்படி காணிக்குப் போய்வருவதில்லை என்பதாலும்..." இதைக் கொடுத்துவிட்டீர்களானால் உடனே எனக்குத் தெரியப்படுத்துங்கள். கொடுக்கவில்லையென்றால் கிழித்துப் போடுங்கள். முகவரி திருத்தக் கேட்ட கடிதம், நீங்கள் ஆட்சியை ஏற்கவில்லை என்பதற்கு உங்கள் கையெழுத்திலேயே சான்றாகிவிடும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு வேறு சாட்சி தேவைப்படாது. முகவரி மாற்றத்துக்குக் காரணம் சொல்லவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஆனாலும் எல்லோரும் காரணம் எழுதுகிறார்கள், அதுவும் நீட்டி. இப்படி நல்ல நியமனங்கள் வீணாய்ப் போயிருக்கின்றன.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: "மேற்படி கோவை தொடர்பான கடிதங்களைப் பின்வரும் தபால் முகவரிக்கு அனுப்பவும். இது தபால் தொடர்புக்கான முகவரி மட்டுமே. எனது பின்னுரித்தையோ ஆட்சியையோ கைவிடுவதாகாது. முகவரியும் தொலைபேசி இலக்கமும் இரகசியமாகப் பேணப்படவேண்டியவை, எனது சம்மதமின்றி எவருக்கும் வழங்கப்படக்கூடாது." கோவை இலக்கம், அனுமதிப்பத்திர இலக்கம், அப்பாவின் பெயர், உங்கள் அடையாள அட்டை இலக்கம். இரண்டு பிரதி. ஒன்றில் செயலகக் காணிக் கிளையின் திகதி முத்திரை விழவேண்டும். பதிவுத் தபாலில் இன்னொன்றும் போகட்டும்.

அந்தக் கடைசி வசனத்தை அலங்காரத்துக்குப் போடவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், தனிப்பட்ட தகவலை 5(1)(அ) காக்கிறது; பெரும் பொதுநலன் இருந்தாலோ நீங்கள் எழுத்தில் சம்மதித்தாலோதான் கொடுக்கலாம். இரகசியமென்று ஒருவர் கொடுத்த தகவலை இன்னொருவர் கேட்டால், 29ஆம் பிரிவின்படி தகவல் அலுவலர் முதலில் கொடுத்தவரிடம் கேட்கவேண்டும். அந்தக் கேள்விக் கடிதம் எங்கே போகும்? கோவையிலுள்ள முகவரிக்கு. அங்கே யார் கையெழுத்து வைத்து வாங்குகிறார் என்று உங்களுக்குத் தெரியும். பதில் வராவிட்டால் தகவலை வெளியிடலாம். ஆக, பிழையான முகவரியால் இரகசியமும் போய்விடும்.

"விதானையாரிடம் சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது எண்ணிக்கையில் வராது. விதானையாரின் (கிராம அலுவலரின்) குடும்பப் பதிவு, வாக்காளர் இடாப்பு, ஆட்களைப் பதிவுசெய்யும் திணைக்களத்தின் பதிவு, காணிக் கிளையின் பேரேடு எல்லாம் வெவ்வேறு புத்தகங்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றது தானாகத் திருந்தாது. ஒரு தேவைக்குப் பெற்ற விபரம் இன்னொரு மேசைக்குப் போகக்கூடாது என்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் திருத்தும் பாரம் உங்கள் தலையில்தான். அனுப்பிய கடிதம் சேர்ந்தது என்று அனுமானிக்கச் சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. கோவையிலிருந்த முகவரிக்கு அனுப்பியதைச் செயலகத்தின் குற்றமென்று சொல்லமுடியாது.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2022, 9ஆம் இலக்கம்) பிழையான தரவைத் திருத்தும் உரிமையைத் தருகிறது. ஆனால் அதிகாரசபை பற்றிய பகுதி 2023இல் அமுலாக, உரிமைகள் பற்றிய பகுதிகள் 2025 மார்ச் 18இல் தொடங்கவிருந்து தள்ளிப்போயின. வர்த்தமானியைப் பார்க்காமல் அதில் தொங்கவேண்டாம். தண்டம் விதிக்கப்பட்டாலும் அந்தக் காசு உங்கள் கைக்கு வராது. அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் தவணை. நீங்கள் சொல்லும் திகதிகளின்படி அது கடந்துவிட்டது. இரவு அழைப்புகளுக்குப் பொலிஸில் ஒரு முறைப்பாடு போடுங்கள், அழைப்புப் பட்டியலைப் படமெடுத்து வையுங்கள், அந்த அளவோடு விடுங்கள். கோபத்தில் இலக்கத்தை மாற்றவேண்டாம். செயலகம் அடுத்த தடவை அழைக்கப்போவது அந்த இலக்கத்துக்குத்தான்.

தகவல் உரிமை விண்ணப்பம் இன்றே போடுங்கள். "என் இலக்கத்தை யார் கொடுத்தது" என்று கேட்காதீர்கள், அதற்கு எந்தக் கோவையிலும் பதில் இராது. பேரேட்டில் அந்தக் காணிக்குரிய பக்கம், உங்கள் நியமனப் பதிவு, விசாரணைக் கடிதத்தின் பிரதி, அதன் பதிவுத் தபால் இலக்கம் ஆகியவற்றைக் கேளுங்கள். நியமனம் அப்பா உயிரோடு இருக்கும்போதே பதியப்பட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. முடிவுக்கு 14 வேலை நாட்கள், பிறகு கொடுப்பதற்கு 14 நாட்கள். பார்த்துக்கொண்டிருந்தால் ஜூலையும் போய்விடும். பதில் வரும்வரை ஆட்சியை ஒத்திவைக்கவேண்டாம்.

ஆட்சியை ஏற்கிறேன் என்று ஆட்களைக் கூட்டிப்போய் வேலியை வெட்டினால் வேலை கெடும். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பொலிஸ் அறிக்கை போகும். கடந்த இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை நீதிமன்றம் மீண்டும் இருத்தும். பிரதேச செயலாளருக்கு எழுத்தில் அறிவித்து, கிராம அலுவலர் முன்னிலையில் போங்கள். தடுத்தால் அன்றே பொலிஸ் பதிவு, அடுத்த நாளே செயலாளருக்குக் கடிதம், இரண்டுக்கும் பிரதி.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். கொக்குவிலிலிருந்து அந்த வயலை நீங்கள் செய்யப்போவதில்லை. அண்ணன் முறையானவர் விடப்போவதுமில்லை. இணங்கிப் போவதுதான் புத்தி, ஆனால் முதலில் உங்கள் பெயர் பேரேட்டில் ஏறட்டும். அதற்கு முன் காசு வாங்கி வெள்ளைத் தாளில் எழுதினால், அனுமதிப்பத்திரக் காணியைச் செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்றிய அந்த எழுத்து செல்லாது. நீங்கள் காணியை விட்டதற்கு மட்டும் சான்றாய் நிற்கும். மத்தியஸ்த சபையில் "இரு தரப்பும் சம்மதம்" என்று பொதுத் தாளொன்று நீட்டினால், அதில் உங்கள் தொடர்பு விபரம் கொடுக்கச் சம்மதமென்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.